மேட்பிளாட்லிப் ஹிஸ்டோகிராம் சொதப்பும்போது: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய்க் கணக்கு பார்க்கும் பிள்ளைகள், வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களின் மழைக்கணக்கை வைத்து புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள், குமுளியில் கடை வைத்துக்கொண்டு இரவில் பைத்தான் படிப்பவர்கள் என்று பலரும், பைத்தானில் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் போட்ட ஹிஸ்டோகிராமை (எந்த இடைவெளிக்குள் எத்தனை மதிப்பு விழுகிறது என்று காட்டும் பட்டைப்படம்) லேப்டாப்பில் திறந்து காட்டுவார்கள். ஆள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், நேரமும் பணமும் கேட்கிற காரணம் கடைசியில்.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

படத்தின் நிறத்தையும் தலைப்பையும் தொடாதீர்கள். ஹிஸ்டோகிராமில் வரும் கோளாறில் பெரும்பங்கு வரைவதில் இல்லை. தரவு நெடுவரிசையில் (பத்தியில்) இருக்கும், இல்லையென்றால் 'பின்' (ஒரு பட்டை அடக்கும் மதிப்பு இடைவெளி) எல்லையில் இருக்கும்.

நெடுவரிசையின் 'டிடைப்' (தரவு வகை) என்ன என்று அச்சிடுங்கள். 'ஃப்ளோட்' அல்லது 'இன்ட்' என்று வரவேண்டும். 'ஆப்ஜெக்ட்' அல்லது 'ஸ்ட்ரிங்' என்று வந்தால் கீழே மூன்றாவது அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து 'டிஸ்கிரைப்' போட்டு குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் பாருங்கள்.

மூன்றாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. 'ஹிஸ்ட்' கட்டளை படம் மட்டும் போடுவதில்லை, மூன்று பொருளைத் திருப்பித் தருகிறது: ஒவ்வொரு பட்டையின் எண்ணிக்கை, பின் எல்லைகள், பட்டைகள். முதல் இரண்டையும் ஒரு பெயரில் வாங்கி அச்சிடுங்கள். எண்ணிக்கைகளைக் கூட்டினால் தரவின் வரிசை எண்ணிக்கை வரவேண்டும். குறைந்தால் சில மதிப்புகள் படத்துக்குள் நுழையவே இல்லை என்று பொருள். காலி மதிப்புகளையும் எல்லைக்கு வெளியே விழுந்தவற்றையும் மேட்பிளாட்லிப் சத்தமில்லாமல் விட்டுவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

அறிகுறி: படமே வரவில்லை, அல்லது சேமித்த கோப்பு வெள்ளையாக இருக்கிறது

சாதாரண நிரல் கோப்பாக ஓட்டுகிறீர்களா? கடைசியில் 'ஷோ' இருக்கிறதா என்று பாருங்கள். கோலாப், ஜூபிடர் நோட்புக்குகளில் அது இல்லாமலே படம் வந்துவிடும். அங்கே பழகியவர்கள் சொந்தக் கணினிக்கு வந்ததும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கோப்பு சேமிக்கிறது, ஆனால் உள்ளே வெறும் வெள்ளை என்றால் 'ஷோ'வுக்குப் பிறகு 'சேவ்ஃபிக்' போட்டிருப்பீர்கள். சன்னலை மூடியதும் படம் கைவிட்டுப் போய்விடும், அடுத்து சேமிப்பது புதிய காலித் தாள். வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

அச்சும் எண்ணும் வருகிறது, பட்டை மட்டும் இல்லை என்றால் 'ரேஞ்ச்' அல்லது 'எக்ஸ்லிம்' எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். முந்தைய தரவுக்கு அடிக் கணக்கில் வைத்த எல்லை, மீட்டரில் இருக்கும் புதிய தரவுக்கு அப்படியே நிற்கும்.

'ஆக்' என்று முடியும் கேன்வாஸ் பெயரைச் சொல்லி, இதைத் திரையில் காட்ட முடியாது என்று எச்சரிக்கை வந்தால் உங்கள் பைத்தானுக்குச் சன்னல் திறக்கும் பின்னணி (பேக்எண்ட்) கிடைக்கவில்லை. 'கெட்_பேக்எண்ட்' போட்டு உறுதிசெய்யுங்கள். தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டினால் இது கோளாறே அல்ல, அங்கே திரை கிடையாது. 'சேவ்ஃபிக்' போட்டு கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சொந்த லினக்ஸ் கணினி என்றால் டிகே தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீரும். அலுவலகக் கணினியில் நிறுவும் அனுமதி இல்லையென்றால் அங்குள்ள சிஸ்டம் அட்மினைக் கூப்பிடுங்கள். நீங்களே குடைந்து பைத்தானை இரண்டு மூன்று பதிப்பாக ஏற்றிவைத்தால், பிறகு அவர் வந்தாலும் பிரிப்பது பாடு.

அறிகுறி: இடது ஓரத்தில் ஒரே ஒரு உயரப் பட்டை, வலதுபக்கம் வெறும் மைதானம்

ஏதோ ஒரு மதிப்பு எங்கேயோ தூரத்தில் நிற்கிறது. மேட்பிளாட்லிப் தானாக எடுக்கும் பின் 10. குறைந்த மதிப்புக்கும் அதிக மதிப்புக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பத்துச் சம பாகமாக வெட்டும். ஒரு மதிப்பு மட்டும் பத்து மடங்கு தள்ளி நின்றால் மற்ற எல்லாம் முதல் பாகத்தில் அடைந்துகொள்ளும்.

நம் பக்கத்துத் தரவில் இதற்கு வழக்கமான காரணம் இரண்டு. முதலாவது, எக்செல் தாளின் கடைசி வரி. கணக்குப்பிள்ளை கீழே 'மொத்தம்' போட்டிருப்பார். அந்தக் கூட்டுத்தொகையும் ஒரு லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதிச் சரக்கு) போல உள்ளே வந்துவிடும். தரவின் கடைசி ஐந்து வரியை 'டெயில்' போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தொலைந்த தசமப்புள்ளி. பெரியாறு அணை மட்டத்தை நாள்வாரியாக வைத்து ஹிஸ்டோகிராம் போட்டால் 136.5 அடி என்பது 1365 ஆக நிற்கும். இந்த மாதிரித் தரவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, எல்லை தெரிந்த எண் அது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தேக்க அனுமதித்திருப்பது 142 அடி. 152-ஐ வெகுவாகத் தாண்டிய எண் இருந்தால் அது தண்ணீர் இல்லை, தட்டச்சு. வைகை அணை என்றால் 71 அடி. இப்படி இயற்கையான உச்சவரம்பு உள்ள தரவில் அந்த வரம்பைத் தாண்டியவற்றை வடிகட்டிப் பட்டியல் போட்டு, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

எண்ணுக்குப் பதிலாக -999, 9999 என்று நிரப்பிவைத்த கோப்புகளும் உண்டு. 'அன்று அளவு எடுக்கவில்லை' என்பதற்கான குறியீடு அது. கோப்பைப் படிக்கும்போதே 'என்ஏ_வேல்யூஸ்' என்பதில் அதைச் சொல்லிவிட்டால் காலியாக எடுத்துக்கொள்ளும்.

'ரேஞ்ச்' கொடுத்துத் தூர மதிப்பை வெட்டிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். வெட்டலாம்தான். ஆனால் தரவைத் திருத்தாமல் வெட்டினால் படம் மட்டும் அழகாகும், சராசரி எடுக்கும்போது அதே 1365 வந்து கழுத்தைப் பிடிக்கும். கூடவே ஒன்று: 'பின்ஸ்' என்பதற்கு எல்லைப் பட்டியலையே கொடுத்திருந்தால் 'ரேஞ்ச்' வேலையே செய்யாது.

*தூரத்தில் எதுவும் இல்லை, ஆனாலும் முதல் பட்டை மட்டும் வானத்துக்கு நிற்கிறது என்றால்*

மழைத்தரவில் இது இயல்பு. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டின் பெரும்பாலான நாள் மழையே இல்லை. அத்தனை பூச்சியமும் முதல் பட்டைக்குப் போகும். மழை பெய்த நாட்களை மட்டும் பிரித்து வரையுங்கள். இந்திய வானிலைத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவான நாளைத்தான் மழைநாள் என்று எண்ணுகிறது, அதையே வாசலாக வைத்துக்கொள்ளலாம். மழையில்லாத நாட்களின் எண்ணிக்கையைத் தலைப்பில் எழுதிவிடுங்கள், மறைத்ததாக இருக்காது. பூச்சியமும் படத்தில் வேண்டும் என்றால் 'லாக்' என்பதை 'ட்ரூ' ஆக்கலாம். ஆனால் ஊர்க் கூட்டத்தில் காட்டும் படத்துக்கு அது வேண்டாம். நூறு நாளும் ஆயிரம் நாளும் பக்கத்துப் பக்கத்து உயரத்தில் நிற்பதைப் பார்த்து எல்லாரும் குழம்புவார்கள்.

தூர மதிப்பு தட்டச்சுப் பிழையா, நிஜமாகவே அப்படி நடந்ததா என்று பதிவேட்டிலும் தெரியவில்லை என்றால், நிரல் தெரிந்தவரைக் கேட்டுப் பயனில்லை. விலை என்றால் அன்று ஏலத்தில் உட்கார்ந்திருந்தவரை, மழை என்றால் அளவு எடுத்தவரைக் கேளுங்கள்.

அறிகுறி: கீழ் அச்சில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பட்டையாக இருக்கிறது

எண் என்று நீங்கள் நினைப்பதைப் பைத்தான் எழுத்தாக வைத்திருக்கிறது. எழுத்தாக வந்தால் மேட்பிளாட்லிப் ஒவ்வொரு தனி மதிப்பையும் ஒரு வகையாக எடுத்து, கோப்பில் வந்த வரிசையிலேயே அச்சில் அடுக்கும். 2,150-க்குப் பக்கத்தில் 1,890 நிற்பதைப் பார்த்தாலே இதுதான் என்று முடிவு செய்துவிடலாம்.

காரணம் பெரும்பாலும் காற்புள்ளி. '1,25,000' என்பதில் உள்ள காற்புள்ளிகளை 'எஸ்டிஆர்.ரிப்ளேஸ்' கொண்டு முதலில் எடுத்துவிடுங்கள். ரூபாய்க் குறி, எண்ணுக்குப் பின்னால் ஒட்டிய 'கிலோ', விலை போகாத லாட்டுக்குப் போட்ட சிறு கோடு, எண்ணுக்கு முன்னால் உள்ள வெற்றிடம் எல்லாம் இதே வகை. பிறகு பாண்டாஸின் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) 'டு_நியூமெரிக்'.

அதில் 'எரர்ஸ்' என்பதை 'கோயர்ஸ்' என்று வைத்தால் எண்ணாக மாறாதது எல்லாம் காலியாகிவிடும், பிழைச்செய்தி நின்றுவிடும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மாற்றுவதற்கு முன் எத்தனை காலி, மாற்றிய பிறகு எத்தனை காலி என்று 'ஐஎஸ்என்ஏ' கொண்டு எண்ணுங்கள். புதிதாகக் காலியான வரிகளின் பழைய எழுத்தை அச்சிட்டுப் பாருங்கள். நான்கு கோடுகள் என்றால் பரவாயில்லை. பாதிப் பத்தி போயிருந்தால் காற்புள்ளியை எடுக்க மறந்திருக்கிறீர்கள்.

'வரம்பு முடிவுள்ளதாக இல்லை' என்ற பொருளில் மதிப்புப் பிழை வந்தாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நம்பையின் (எண் கணக்குக்கான பைத்தான் தொகுப்பு) 'ஹிஸ்டோகிராம்' காலி மதிப்பு ஒன்று இருந்தாலே இப்படிக் கத்தும். மேட்பிளாட்லிப் காலியைப் பொறுத்துக்கொள்ளும், பத்தி முழுக்கக் காலியாக இருந்தாலோ 'இன்ஃப்' (முடிவிலி) இருந்தாலோ மட்டும் கத்தும். 'இன்ஃப்' எங்கிருந்து வருகிறது என்றால், விலையைக் கிலோவால் வகுத்தபோது ஏதோ ஒரு லாட்டின் கிலோ பூச்சியமாக இருந்திருக்கும்.

அறிகுறி: சீப்புப் பல் போல நடுநடுவே இடைவெளி, அல்லது ஓரப் பட்டைகள் மட்டும் இருமடங்கு

என்னிடம் வருவதில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிழைச்செய்தி வராது, படமும் பார்க்க நன்றாக இருக்கும், சொல்வது மட்டும் பொய்யாக இருக்கும்.

முழு எண் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநாள் ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் விழுந்தது என்று 1 முதல் 12 வரை எண் வைத்திருக்கிறீர்கள். பின் எண்ணிக்கை சொல்லாமல் 'ஹிஸ்ட்' போட்டால் 1-க்கும் 12-க்கும் நடுவே பத்துப் பாகம், ஒரு பாகம் 1.1 அகலம். முதல் எல்லை 1 முதல் 2.1 வரை. அதில் ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து விழும். அடுத்து மார்ச்சு தனியாக, ஏப்ரல் தனியாக என்று ஒழுங்காகப் போய், கடைசிப் பாகம் 10.9 முதல் 12 வரை. அதில் நவம்பரும் டிசம்பரும் ஒன்றாக. வடகிழக்குப் பருவமழை அக்டோபரைவிட ஆண்டுக் கடைசியில்தான் கொட்டுகிறது என்று அந்தப் படத்தைக் காட்டி ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட முடியும். ஒரு எச்சரிக்கையும் வராது.

மதிப்புகள் 0 முதல் 6 வரை என்றால் நேர்மாறு. ஒரு பாகம் 0.6 அகலம், இருப்பதோ ஏழு மதிப்பு, பட்டைக்கு இடம் பத்து. மூன்று இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

தீர்வு செலவில்லாதது: எல்லையை அரையில் வையுங்கள். மாதத்துக்கு 'ஏரேஞ்ச்' என்பதில் 0.5, 13, 1 என்று கொடுத்தால் எல்லைகள் 0.5, 1.5, 2.5 என்று 12.5 வரை போகும். ஒவ்வொரு மாதமும் தன் பட்டையின் நடுவில் உட்காரும்.

தசமத் தரவிலும் இது உண்டு. மழைமானியில் 0.1 மி.மீ. கணக்கில் எழுதிய எண்களை 0.25 அகலப் பின்னில் போட்டால் ஒரு பின்னில் மூன்று மதிப்புக்கு இடம், அடுத்ததில் இரண்டுக்குத்தான். உயரமும் பள்ளமுமாக அலை அலையாக வரும். பின் அகலம் அளவின் நுண்மைக்கு முழு மடங்காக இருக்கவேண்டும்: 0.1 கணக்கு என்றால் 0.2, 0.5, 1.

இதையெல்லாம் செய்த பிறகும் பல் பல்லாக வந்தால் தரவே அப்படித்தான். அளவு எடுப்பவர் 0, 5 என்று முடியும் எண்ணாகப் பார்த்து எழுதியிருப்பார். அதை நிரலால் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது.

அறிகுறி: கையால் எண்ணியதும் எக்செல் சொல்வதும் படமும் ஒத்துப்போகவில்லை

மேட்பிளாட்லிப் பின்னில் இடது எல்லை உள்ளே, வலது எல்லை வெளியே. கடைசிப் பின்னுக்கு மட்டும் இரண்டு எல்லையும் உள்ளே. எக்செல் இதற்கு நேர் எதிர், வலது எல்லையைத்தான் உள்ளே சேர்க்கும். ஏலக்காயைச் சல்லடையில் போடுவது போலத்தான். சரியாக 7 மி.மீ. உள்ள காய் கண்ணில் நிற்குமா, கீழே விழுமா என்பதை ஸ்டோரில் ஒருவர் ஒருமாதிரி முடிவு செய்வார், பக்கத்து ஸ்டோரில் வேறுமாதிரி. காயின் அளவை 6, 7, 8 என்று எல்லையிலேயே விழும் எண்களாக எழுதியிருந்தால் இரண்டு மென்பொருளும் இரண்டு கணக்கு சொல்லும், இரண்டுமே தவறில்லை.

எல்லையை 5.95, 6.95, 7.95 என்று கொஞ்சம் தள்ளிவைத்தால் சண்டை தீரும். அளவுகள் 0.1 மி.மீ. கணக்கில் இருக்கும்வரை எந்தக் காயும் எல்லையில் நிற்காது.

மொத்தமே குறைகிறது, கடைசி வகுப்பு மெலிந்திருக்கிறது என்றால் 'ஏரேஞ்ச்' மேல் சந்தேகப்படுங்கள். அது முடிவு எண்ணைச் சேர்க்காது. 0, 10, 1 என்று கொடுத்தால் கடைசி எல்லை 9. ஒன்பதுக்கு மேல் உள்ளதெல்லாம் காணாமல் போகும். முடிவுக்கு ஒரு அகலம் கூட்டிக் கொடுங்கள், அல்லது 'லின்ஸ்பேஸ்' பயன்படுத்துங்கள். அதில் முடிவு எண் சேரும், ஆனால் பத்துப் பட்டைக்குப் பதினோரு எல்லை கேட்க வேண்டும்.

அறிகுறி: நெட்டச்சு எண்ணுக்கு அர்த்தமே புரியவில்லை

'டென்சிட்டி' போட்டிருப்பீர்கள். அது சதவீதம் அல்ல. பட்டைகளின் பரப்பைக் கூட்டினால் 1 வருமாறு உயரத்தை மாற்றுகிறது. பின் அகலம் 0.1 என்றால் உயரம் 4, 5 என்று போவது இயல்பு. விலை ரூபாயில், பின் அகலம் 100 என்றால் உயரம் 0.003 என்று நிற்கும். சதவீதம்தான் வேண்டும் என்றால் 'வெயிட்ஸ்' வழி போங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் 100-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்த எடையைக் கொடுத்தால் பட்டை உயரங்களின் கூட்டு நூறு.

பழைய பாடப் புத்தக நிரலைத் தட்டினால் ரெக்டேங்கிள் 'நார்ம்டு' என்பதை ஏற்கவில்லை என்ற பொருளில் ஒரு பிழை வரும். ரெக்டேங்கிள் எங்கே வந்தது என்று குழம்ப வேண்டாம். 'நார்ம்டு' என்பது மேட்பிளாட்லிப் 3.1-இல் எடுக்கப்பட்டுவிட்டது. தனக்குத் தெரியாத சொல்லை 'ஹிஸ்ட்' பட்டை வரைகிற பகுதிக்குத் தள்ளிவிடும், அங்கிருந்துதான் அந்தக் கூச்சல். 'டென்சிட்டி' என்று மாற்றினால் போதும்.

*எண் சரி, ஆனால் வியாபாரம் தெரிந்தவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்*

இது தனி அறிகுறி, நிரலில் தேடினால் கிடைக்காது. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்-ஏலத்தின் விலையை ஹிஸ்டோகிராமாகப் போட்ட ஒரு பையனிடம், பக்கத்தில் நின்ற வியாபாரி கேட்டார்: "என்ன தம்பி, பாதிச் சரக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழதானே போச்சு. படத்துல உசரமெல்லாம் அந்தப் பக்கம் நிக்குதே?"

"இல்லண்ணே, எல்லா லாட்டும் வந்திருக்கு, எண்ணிப் பாத்துட்டேன்."

"லாட்ட எண்ணுனா எப்படிப்பா? சாக்க எண்ணு."

இருவர் சொன்னதும் சரி. 'ஹிஸ்ட்' வரிகளை எண்ணும். இருபது கிலோ லாட்டும் ஒரு வரி, ஐந்நூறு கிலோ லாட்டும் ஒரு வரி. நல்ல விலைக்குப் போன சின்னச் சின்ன லாட்டுகள் நிறைய இருந்தால் படம் அந்தப் பக்கம் சாயும். விலைப் பத்தியை மதிப்பாகவும் கிலோப் பத்தியை 'வெயிட்ஸ்' ஆகவும் கொடுத்தால் பட்டை உயரம் கிலோவாகிவிடும், வியாபாரி தலையாட்டுவார். நெட்டச்சில் 'லாட் எண்ணிக்கை' என்றோ 'கிலோ' என்றோ கட்டாயம் எழுதுங்கள். அதில்லாத படத்தை நான் நம்புவதில்லை.

எடை கொடுத்தபின் நடுவில் ஒரு பட்டை மாயமாகிவிட்டால், அந்த விலைக்குள் விழுந்த ஏதோ ஒரு லாட்டின் கிலோ காலியாக இருக்கிறது. ஒரு காலி போதும், அந்தப் பட்டையின் மொத்தமே காலியாகும்.

அறிகுறி: இரண்டு தரவை ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதை மறைக்கிறது

மறைப்பதற்கு மருந்து எளிது. 'ஆல்ஃபா' 0.5, அல்லது 'ஹிஸ்ட்டைப்' என்பதை 'ஸ்டெப்' ஆக்கினால் வெறும் கோட்டு வடிவம் வரும். இரண்டுக்கு மேல் இருந்தால் ஸ்டெப்தான் கண்ணுக்கு நல்லது.

மறைக்காத கோளாறுதான் பெரியது. 'ஹிஸ்ட்' இரண்டு முறை கூப்பிட்டால் ஒவ்வொரு தரவுக்கும் தனித்தனியாகப் பத்துப் பாகம் வெட்டும். ஒன்றின் பட்டை அகலம் 60 ரூபாய், மற்றதன் அகலம் 110 ரூபாய் என்று நிற்கும். அகலப் பட்டை உயரமாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? எல்லைப் பட்டியலை ஒருமுறை செய்து இரண்டுக்கும் அதையே கொடுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலாக ஒரே அழைப்பில் கொடுத்தாலும் எல்லை பொதுவாகிவிடும், ஆனால் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு பக்கம் முந்நூறு லாட், மறுபக்கம் ஐம்பது லாட் என்றால் இங்கே 'டென்சிட்டி' போடுவது நியாயம்.

நேற்று போட்ட படம் இன்றைய படத்தோடு கலந்து வருகிறதா? புதிய 'ஃபிகர்' திறக்காமல் வரைகிறீர்கள். சுழற்சிக்குள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் படம் போடும்போது, சேமித்ததும் 'குளோஸ்' போடுங்கள். இல்லாவிட்டால் இருபதைத் தாண்டியதும் எச்சரிக்கை வரும், கணினி முக்க ஆரம்பிக்கும்.

அறிகுறி: வானவில் நிறத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், அல்லது கணினி உறைந்துவிட்டது

தரவின் 'ஷேப்' பாருங்கள். 1, 900 என்று வந்தால், தொள்ளாயிரம் மதிப்புள்ள ஒரு தரவு என்று நீங்கள் நினைப்பதை மேட்பிளாட்லிப் தொள்ளாயிரம் தனித் தரவாக எடுத்திருக்கிறது. 'ரேவல்' போட்டுத் தட்டையாக்குங்கள்.

நினைவகம் போதவில்லை என்று வந்தால், 'பின்ஸ்' இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'எஃப்டி' இருக்கிறதா? அந்த முறை பெரும்பான்மை மதிப்புகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து அகலத்தை முடிவு செய்யும். தொலைவில் ஒரு தப்பு எண் இருந்தால் அந்தச் சிறு அகலத்தை வைத்தே அதுவரை வெட்டிக்கொண்டு போகும், பின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும். மேலே சொன்ன 'மொத்தம்' வரியையும் தசமப்புள்ளியையும் பாருங்கள்.

தரவே கோடிக்கணக்கான வரி என்றால் துண்டு துண்டாகப் படித்து, நம்பை 'ஹிஸ்டோகிராம்' கொண்டு ஒரே எல்லையில் எண்ணிக் கூட்டி, கடைசியில் 'ஸ்டேர்ஸ்' கொண்டு வரையலாம். எண்ணி முடித்த எண்ணிக்கைகளை மறுபடி 'ஹிஸ்ட்' உள்ளே போடாதீர்கள், எண்ணிக்கையின் எண்ணிக்கைதான் வரும். தினமும் அந்த அளவு தரவு வருகிறது என்றால் தரவுத்தளம் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி: பட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகத் தெரிகிறது

'எட்ஜ்கலர்' வெள்ளை. பதிப்பு 2.0-இலிருந்து ஓரக்கோடு தானாக வருவதில்லை, அவ்வளவுதான்.

அறிகுறி: இரண்டு திமில் தெரிகிறது, பின் எண்ணிக்கையை மாற்றினால் ஒன்றாகிறது

முதலில் அகலத்தை மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் திமில் அதே இடத்தில் நின்றால் அது தரவில் உள்ளது. ஒன்றில் மட்டும் வந்தால் எல்லை விழுந்த விதம்.

நிஜத் திமில் என்றால் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. குமுளி மேட்டில் பெய்வது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை, மலையிறங்கி லோயர் கேம்ப் தாண்டினால் மழைநிழல், வடகிழக்கை நம்பித்தான் பிழைப்பு. இரண்டு இடத்து மானியின் மாதக் கணக்கை ஒரே பத்தியில் ஒட்டினால் திமில் வராமல் என்ன செய்யும்? அதே போல ஒரு பகுதி அடியில், ஒரு பகுதி மீட்டரில், அல்லது வைகையும் பெரியாறும் ஒரே பத்தியில். இடம், அலகு, பருவம் எனப் பிரித்துத் தனித்தனியாக வரையுங்கள்.

பிரித்த பிறகும் நிற்கும் திமிலை வைத்து ஒரு முடிவு எடுக்கப் போகிறீர்கள், அதில் காப்பீடோ கடனோ ஆய்வேடோ தொங்குகிறது என்றால் புள்ளியியல் படித்தவரிடம் தரவோடு போய் உட்காருங்கள். படத்தை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள்.

அறிகுறி: தலைப்பில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது

மேட்பிளாட்லிப் தானாக எடுக்கும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் இல்லை. 'கிளிஃப் 2965 இந்த எழுத்துருவில் இல்லை' என்று எச்சரிக்கை வரும், 2965 என்பது நம் 'க'. 'ஃபான்ட்.ஃபேமிலி' இடத்தில் விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ, மற்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவிப் பெயரைக் கொடுங்கள். கட்டம் போய்விடும்.

அடுத்த கோளாறு அப்போதுதான் தெரியும். 'கொத்து' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'மை' உடைந்து கிடக்கும். எழுத்துரு மேல் குறை சொல்லி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அதிகம், அதில் பயனில்லை. நம்மிடம் பரவலாக உள்ள மேட்பிளாட்லிப் பதிப்புகள் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கும், இடம் மாற்றிச் சேர்க்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் தலைப்பு வைப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

செலவில்லாத வழி: 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்பதை 'நன்' என்று வைத்து எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும், பிரவுசரில் திறந்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக அச்சிட்டுக்கொள்ளலாம். பிஎன்ஜி-தான் வேண்டும் என்றால் எம்பிஎல்கெய்ரோ என்ற பின்னணி ராக்ம் துணையோடு எழுத்தைச் சரியாகக் கோக்கும், ஆனால் விண்டோஸில் நிறுவுவது கொஞ்சம் படுத்தும். ஒரே ஒரு படம், நாளை காலை அச்சுக்குப் போகவேண்டும் என்றால் தலைப்பில்லாமல் படத்தைச் சேமித்து டிடிபி கடையில் கொடுத்துவிடுங்கள், எழுத்தை அவர்களே மேலே வைத்துத் தருவார்கள். அச்சு எண்களை மட்டும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.